பின்வாசல் இருந்த சுவர்

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், குளிப்பாட்டினால் குளிப்பார். 'இந்தப் பொண்ணு நல்லா பாத்துக்குது' என்று பக்கத்து வீட்டில் எனக்கு நற்சான்று வேறு கொடுத்திருந்தார். நான் அவருடைய ஒரே மகள். அதைக் கேட்டுவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் பாலக்கரைப் பக்கம் பாழடைந்து கிடந்த தோல் வியாபாரி பங்களாவைப் புதுப்பித்து, தோட்டம் போட்டு, பார்வைக்குத் திறந்தார்கள். அது அம்மாவின் பெரியத்தா வீடு, அதாவது அவருடைய அப்பாவின் அண்ணன் வீடு. எப்போதோ கைமாறிப் போனது. கல்யாணம் ஆகும்வரை அம்மா பாதி நாள் அங்கேதான் இருப்பாராம். அந்த வீட்டைப் பார்த்தால் பழசெல்லாம் திரும்பும், பழசின் பின்னாலேயே நானும் வந்துவிடுவேன் என்று மனக்கணக்குப் போட்டேன். டாக்டர் யாரும் அப்படிச் சொல்லவில்லை. டாக்டர்கள் சொன்னதெல்லாம் கேட்டு முடித்தாயிற்று.

எங்கே போகிறோம் என்று சொன்னதும் அம்மா அலமாரியைக் குடைந்து, அந்தக் காலத்து வெள்ளைத் துப்பட்டியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார். காட்டூரிலிருந்து ஆட்டோவில் போகும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் பங்களாவின் முன்வாசல் படியில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டார். மூட்டு வலியாக இருக்கும் என்று நினைத்தேன். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டிக்கெட் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

கேட்டுக்கு வெளியே பஸ் போகிற ரோடு. தோட்டத்தில் ஒரு கிணறு. கிணற்றுக்குக் கம்பி வலை போட்டிருந்தார்கள், அப்படியும் எட்டிப் பார்த்தேன். 'அம்மா, அம்மா' என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன். தூணுக்கெல்லாம் வார்னிஷ் அடித்து, முற்றத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்திருந்தார்கள். மாடியில் மலைக்கோட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஒரு மாமி மட்டும் கூடவே இறங்கி வந்தார். "அழாதீங்கோ, பெருமாள் கைவிடமாட்டார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷத்தில் யார் காப்பாற்றினாலும் சரி என்றுதான் இருந்தது.

காவலாளி அம்மாவின் பெயரைக் கேட்டு மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார். தோட்டம் முழுக்க அம்மாவின் பெயர் ஒலித்தது. பதில் இல்லை. நான் அல்லாஹ்விடம் பேரம் பேச ஆரம்பித்தேன். என்னைத் தெரியாமலேயே இருந்துவிட்டுப் போகட்டும், ஆள் கிடைத்தால் போதும்.

வீட்டின் பின்புறத்தில், ரோஜாப் பாத்திக்கு நடுவே, வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அம்மா சுவரைப் பார்த்து நின்றிருந்தார். கையை மடக்கி, வளையலால் சுவரை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் பெண்களுக்குப் பின்வாசல்தான். முன்கூடத்தில் ஆண்கள் இருப்பார்கள் என்பதால் வெளியிலிருந்து குரல் கொடுக்கக் கூடாது. வளையலால் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து யாராவது வந்து திறப்பார்கள். அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். புதுப்பித்தவர்கள் அந்த வாசலை அடைத்துப் பூசிவிட்டு, முன்னால் ரோஜா நட்டிருந்தார்கள். நான் கத்தியது அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. மைக்கில் பெயர் வந்ததும் பயந்துபோய்த் துப்பட்டியை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டிருக்கிறார்.

முள் கிழிப்பதைக்கூடப் பார்க்காமல் போய்க் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா என் வாயைப் பொத்தினார்.

"சத்தம் போடாதம்மா. முன்னால ஆம்பளைங்க இருக்காங்க. என் பேர வேற யாரோ ஊருக்கே கேக்குற மாதிரி சொல்றாங்க. அத்தா காதுல விழுந்தா அவ்வளவுதான்."

பிறகு துப்பட்டியை விலக்கி என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு தெளிவு. பல மாதமாக நான் பார்க்காத தெளிவு. யார் வீட்டுப் பிள்ளை, பெயர் என்ன என்று விசாரித்தார். நான் பெயரைச் சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்?

அம்மா அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். என் பெயரை, பழைய குரலில், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து.

"நல்ல பேரா இருக்கு. எனக்குக் கல்யாணம் ஆகி பொம்பளப் புள்ள பொறந்தா இதையே வைக்கிறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி மறுபடி சுவரைத் தட்டினார். உள்ளேயிருந்து யாராவது திறக்கட்டும் என்று நானும் பக்கத்தில் நின்றேன்.