தீப்பெட்டியில் நாய் முடி

எங்கள் வீட்டில் முன்பு இருந்தது சிப்பிப்பாறை நாய். கரிசல் காட்டில் புரண்டு வந்தாலும் ஈரத் துண்டால் ஒரு துடை துடைத்தால் புதுச் செருப்பு மாதிரி மின்னும். அந்த ஒரு துண்டை வைத்துக்கொண்டு, நாய் வளர்ப்பில் நான் கரை கண்டவன் என்று கோவில்பட்டியில் பாதிப் பேரிடம் சொல்லியிருந்தேன்.

அதன் காலத்துக்குப் பிறகு மகளின் நாய் வந்தது. சென்னையில் அவள் புதிதாகக் குடிபோன வீட்டுக்காரருக்கு நாய் ஆகாது. வேறு வீடு பார்த்து, தீபாவளிக்கு வரும்போது கூட்டிப் போகிறேன் என்று விட்டுப்போனாள். வெள்ளை நிறம், உடம்பெல்லாம் புசுபுசுவென்று முடி. வெடித்த பருத்திக்கு நாலு கால் முளைத்தது போல இருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உளுந்துக் காடு. ஐப்பசி மழை விழுந்த அன்றே பருத்தி கருப்பாகத் திரும்பி வந்தது.

வீட்டுக்கு முன்பக்கம் பெயின்ட் கடை வைத்திருப்பவன் நான். பிரஷ்களுக்கு நடுவில்தான் பிழைப்பு. சுவர் கழுவும் நார் பிரஷ் ஒன்றை உருவி, ஹோஸ் பைப்பைத் திறந்து, நாயைத் தேய்க்க ஆரம்பித்தேன். சரக்கு வாங்க வந்த பெயின்டர் எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, பட்டி பாக்கப் போறீங்களா, இல்ல நேரா பிரைமரா?”

“போய் வேலையப் பாரும்.”

கரிசல் மண் ஈரத்தில் பசை. பைக் மட்கார்டில் ஒட்டியதை நான் ஒருநாளும் ஈரத்தோடு சுரண்டியதில்லை, காயவிட்டுத் தட்டுவேன். பைக்குக்குக் கொடுத்த மரியாதையை நாய்க்குக் கொடுக்கத் தோன்றவில்லை. தேய்க்கத் தேய்க்க மண் முடியின் அடிவரை இறங்கிவிட்டது. மறுநாள் காதுக்குப் பின்னாலும் கக்கத்திலும் முடிச்சு முடிச்சாக இறுகிக் கிடந்தது. நடக்கும்போது தோலை இழுக்க, நாய் மூன்று எட்டுக்கு ஒரு தரம் நின்று சொறிந்தது.

நாய்களுக்கு முடி வெட்டுபவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். “மிஷின் போட்டு ஒட்ட வழிச்சிருவோம்” என்றார். மகளுக்குப் போன் போட்டேன்.

“வழிச்சிராதீங்கப்பா. அதுக்கு ரெண்டு அடுக்கு முடி. ஒட்ட வழிச்சா பழைய மாதிரி வளரும்னு சொல்ல முடியாது. நம்மூரு வெயிலு நேரா தோல்ல விழும். சீவியே எடுங்க.”

“எடுக்கேன்” என்றேன். அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி விடவில்லை. “தீபாவளிக்குள்ள முடிச்சு போகலைன்னா நானே மிஷினுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அது வேதனையில சொறியுது, நீங்க சவடால் விடுதீங்க.”

அடுத்த ஆயுதம் ஆன்லைனில் வந்தது: உள்ளங்கையில் ரப்பர் புள்ளிகள் வைத்த கையுறை. அதை மாட்டிக்கொண்டு தடவினேன். நாய் சொக்கித் தூங்கியது. மேல்முடி பளபளத்தது. விரலை உள்ளே விட்டால் முடிச்சுகள் அத்தனையும் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்தக் கையுறை சிப்பிப்பாறை மாதிரி குட்டை முடிக்கு ஆனதாம். செத்துப்போன நாய்க்குச் சாமான் வாங்கியிருக்கிறேன்.

“கடைக்கு வாரவுகளுக்கு எல்லாம் என்ன சொல்லுவீங்க?” என்றாள் மனைவி. “முதல்ல சுவரப் பாருங்க, அப்புறம் பிரஷ் கேளுங்கன்னு சொல்லுதீங்கல்லா? இந்தச் சுவர எப்பப் பாத்தீங்க?”

கோபம் வந்தது. தரையில் உட்கார்ந்து நாயின் முதுகு முடியை வகிடு எடுத்து அப்போதுதான் பார்த்தேன். மேலே நீளமாக, விறைப்பாக ஒரு முடி. அடியில் பஞ்சு. மண்ணும் முடிச்சும் பஞ்சில் இருந்தன. நான் இவ்வளவு நாளும் மேல்மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

கலர் பொருத்தம் பார்க்க என் கடைக்குச் சுவர்ச் சில்லைப் பெயர்த்துக் கொண்டுவருவார்கள். நானும் நாயிடமிருந்து உதிர்ந்த முடியை ஒரு தீப்பெட்டியில் அடைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு ரயில் ஏறினேன். வளர்ப்புப் பிராணிகளுக்குச் சாமான் விற்கும் கடையில் இருந்த அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“இது ஒரு நாயோடதா, ரெண்டு நாயோடதா?”

“ஒண்ணுதான். ரெண்டு அடுக்கு.”

என்னவோ நானே கண்டுபிடித்தது போலச் சொன்னேன். அகலப் பல்லும் நெருக்கப் பல்லும் உள்ள இரும்புச் சீப்பு ஒன்றும், நுனி வளைந்த மெல்லிய கம்பிகள் நட்ட பிரஷ் ஒன்றும் எடுத்து வைத்தார். முதலில் அகலப் பல், பிறகு பிரஷ், கடைசியில் சோதனைக்கு நெருக்கப் பல். அது தடங்கல் இல்லாமல் ஓடினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

தினமும் கடை திறக்கும் முன் உட்கார்ந்தேன். காய்ந்த மண்ணை விரலால் நொறுக்கி உதிர்ப்பேன். முடியின் வேரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தோல் இழுபடாமல், நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவேன். நாய் முதலில் உறுமியது, பிறகு கொட்டாவி விட்டது. காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு மட்டும் புளியங்கொட்டை கணக்காக நின்றது. மனைவி கத்தரிக்கோலை நீட்டினாள்.

“வேண்டாம். எடுக்கேன்னு சொல்லியிருக்கேன்.”

“நாய்கிட்டயா சொன்னீங்க?”

இரண்டு காலை அந்த ஒரு முடிச்சோடு போயிற்று. அவிழ்ந்தபோது நாய் காதை ஓர் உதறு உதறிவிட்டு, காலால் சொறியாமல் நடந்துபோனது. மனைவி கத்தரிக்கோலை அடுக்களையில் கொண்டுபோய் வைத்தாள்.

தீபாவளிக்கு மகள் வந்தாள். வேறு வீடு கிடைத்துவிட்டது. என்னிடமிருந்து சீப்பை வாங்கி, நெருக்கப் பல்லைக் கழுத்திலிருந்து வால்வரை ஓட்டினாள். எங்கும் நிற்கவில்லை.

“யாரப்பா சீவுனா?”

“ஏன், ஆள் வச்சேன்னு நெனைச்சியா?”

அவள் கிளம்ப வேண்டிய அன்று காலை நல்ல மழை. கதவைத் திறந்து வைத்தது யார் என்று இன்றுவரை முடிவாகவில்லை. உளுந்துக் காட்டிலிருந்து கருப்பாக ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. மனைவி ஹோஸ் பைப்பை நோக்கி ஓடினாள். நான் முந்திப் போய்க் குழாயை மறித்து நின்றேன்.

“தண்ணியத் தொறக்காதே. காயட்டும்.”

“ரயிலுக்கு நேரமாகுதுப்பா” என்றாள் மகள்.

“ரயிலு போகட்டும். மண்ணு காயாம நாய் வராது.”

நாயை வீட்டுக்குள் இழுத்து, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, சட்டைப் பையிலிருந்த சீப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.