தனியாக எடுத்த படம்

ஞாயிற்றுக்கிழமை தேயிலை மலையில் வேலை இல்லை. புஷ்பம் லுணுகலையில் வாங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் விட்டுச் செல்லும் மடுவத்துக்குப் புறப்பட்டாள்.

"படம் பாக்கவா இந்தச் சோடிப்பு?" என்றாள் பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி.

புஷ்பத்தின் புருஷன் செத்துப்போன பிறகு மகள் லக்ஷனாவும் கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் புஷ்பம் மட்டும்.

மடுவத்தில் இருந்த விதுஷா பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பவள். படங்களைப் பார்க்கும்போது மனதில் எழுவதை அளப்பது அவள் ஆய்வு. மடிக்கணினியில் ஒரு படம் வந்து போகும். கீழே சிறு பொம்மைகளின் வரிசை. ஒரு முனையில் அழும் முகம், மறுமுனையில் சிரிக்கும் முகம். தனக்கு எப்படி இருக்கிறதோ அந்தப் பொம்மையைத் தொட வேண்டும். விரல் வியர்வையை அளக்க மறுகையில் ஒரு கம்பி. விளக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களை அடுத்த ஞாயிறும் கூப்பிடுவதாக விதுஷா சொல்லியிருந்தாள். புஷ்பத்துக்கு அடுத்த ஞாயிறு வேண்டும்.

நாய்க்குட்டிக்குச் சிரிப்பைத் தொட்டாள். இடிந்த வீட்டுக்கு அழுகையை. பிறகு ஒரு பெண் தனியாக, எதிரே பார்த்துச் சிரித்தபடி. புஷ்பம் அழும் பொம்மையைத் தொட்டாள். அடுத்த படத்தில் ஒரு கிழவர் தனியாகச் சிரித்தார். அவருக்கும் அதுவே. விதுஷா நிறுத்தினாள்.

"இவங்க சிரிக்கிறாங்கதானே அம்மா?"

"ஆமாங்க மிஸ். நல்ல முகம். என்ன நோவுல போனாங்களோ."

லயத்தில் ஓர் ஆளைத் தனியாகப் பெரிதாக்கிய படம் என்றால் சுவரில் மாலையோடு தொங்குவதுதான். உயிரோடிருப்பவர்கள் கல்யாணத்திலும் திருவிழாவிலும் கூட்டமாக நின்று படம் எடுப்பார்கள். பிள்ளைகள் போனில் எடுப்பதை அவள் படமாக எண்ணியதில்லை.

எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள் என்றாள் விதுஷா. இந்தப் பதில்களைச் சேர்க்க முடியாது, முதலிலிருந்து பார்ப்போம் என்றாள்.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். உயிரோடு, பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், சிரித்துக்கொண்டு. புஷ்பத்தின் விரல் அழும் பொம்மைப் பக்கமே போயிற்று. விதுஷாவின் முகத்தைப் பார்த்தாள். விரலை நகர்த்திச் சிரிப்பைத் தொட்டாள். கிழவருக்கும் சிரிப்பு. அதன் பிறகு வந்த ஒவ்வொரு தனி முகத்துக்கும்.

கடைசியில் படம் இல்லை. பொம்மைகள் மட்டும்.

"இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு அம்மா?"

அவளிடம் யாரும் இதைக் கேட்டு வெகுநாளாயிற்று. லக்ஷனா போனில் சாப்பிட்டாயா என்று கேட்பாள். புஷ்பம் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழும் முகத்தைத் தொட்டால் இதையும் சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ.

சிரிக்கும் பொம்மையைத் தொட்டாள்.

"நல்லது. அடுத்த ஞாயிறும் வாங்க" என்று சொல்லி விதுஷா கம்பியைக் கழற்றினாள்.