ஈரச் சாக்கும் இன்டர்கூலரும்

1. பத்து மணி

எனக்குக் கோபம் அதிகம். பாண்டிச்சேரி தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என் ஷெட்டுக்கு வழி கேட்டால், "சத்தம் வர்ற பக்கமா போங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு. டீசல் வண்டி வேலையில் முப்பத்தாறு வருடம் ஓடிவிட்டது. முழங்கால் மடங்க மறுப்பதால் வண்டிக்கு அடியில் படுப்பதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். இப்போது பலரும் வீடியோ பார்த்துவிட்டுப் பழைய டர்போ வண்டிக்கு இன்டர்கூலர் போடக் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று நான் செய்த ஒரு தப்பை எழுதிவைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பங்குனி மாதம். கஸ்தூரி தன் பிக்கப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். வீராம்பட்டினத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, செவ்வாயும் வெள்ளியும் ஏற்காட்டில் ஒரு ஹோட்டலுக்குத் தானே ஓட்டிப் போய்க் கொடுப்பவள். வண்டி பதினாறு வருடப் பழசு. டர்போ உண்டு, இன்டர்கூலர் இல்லாத மாடல்.

"மலையில இருபது வளைவு ண்ணா. ஆறாவதுலயே மூச்சு வாங்குது. பின்னாடி பாத்தா ரோடே தெரியல, அவ்ளோ கரும்புகை. எட்டுல ஒருவாட்டி, பதினஞ்சுல ஒருவாட்டி ஓரங்கட்டி ஆற வெக்கணும். மேல போவசொல்ல பத்தரை ஆயிடுது."

"பத்தரை ஆனா என்ன?"

"பத்து மணிக்கு மேல வந்தா மத்தியான சமையலுக்கு ஆவாதாம். இன்னும் ரெண்டு வாட்டி பாப்பாங்களாம். அப்புறம் வேற பார்ட்டிக்கு குடுத்துடுவாங்க. ஓட்டலு போச்சுன்னா வண்டிய வித்துட்டு மறுபடி மார்க்கெட்ல கூடை வெச்சி உக்காரணும். பதினோரு வருஷம் உக்காந்தேன் ண்ணா. இனிமே என்னால உக்கார முடியாது."

அவள் அழவில்லை. கணக்கு ஒப்பிப்பது போலத்தான் சொன்னாள். "உன் வண்டி மேல ஏறும். அதுக்கு நான் ஆச்சு" என்று சொல்லிவிட்டேன்.

2. பெரிதாகப் போட்ட பெட்டி

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சாமான். அழுத்தினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்ப்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். சூடான காற்று விரிந்து மெலிந்த காற்று. அதில் டீசல் முழுதாக எரியாது. புகை வரும், இழுவை குறையும், எஞ்சின் கொதிக்கும். நடுவில் ரேடியேட்டர் மாதிரி ஒரு பெட்டியை வைத்து, அந்தக் காற்றை ஆறவைத்து உள்ளே அனுப்புவதுதான் இன்டர்கூலர். டீசல் பம்ப்பின் திருகைத் தொட்டு டீசலைக் கூட்டிவிடச் சொல்கிறவர்கள் உண்டு. நான் தொடுவதில்லை. அவள் கேட்டது வேகம் இல்லையே, நிற்காமல் ஏறவேண்டும் என்பதுதானே.

காயலான் கடையில் தேடினேன். பிக்கப்பில் இருந்து கழற்றிய சின்னது ஒன்றும், லாரியில் இருந்து கழற்றிய பெரியது ஒன்றும் கிடந்தன. பெரியதையே எடுத்தேன். பெரிதாக இருந்தால் நன்றாக ஆறும் என்பது என் எண்ணம். அதற்குள் பழைய எண்ணெய் தேங்கியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி நாலு முறை கழுவி, காற்றடித்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்துவைத்தேன். இதில் மட்டும் யாரும் சோம்பல் படாதீர்கள். கழுவாமல் மாட்டினால் எஞ்சின் அந்த எண்ணெயையே குடித்து, சாவியை எடுத்த பிறகும் நிற்காமல் கத்திக்கொண்டே ஓடும்.

அலுமினிய பைப்புக்கு ஆர்கான் வெல்டிங் பிடித்தவன் பக்கத்து ஷெட் அந்துவான். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். வேலை சரியாக முடிந்தால் 'நல்லா இருக்கு' என்பதற்கு இவன் பிரெஞ்சில் "சே போன்" என்பான். அதைச் சொல்லவில்லை என்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால் நிறுத்தி போல்ட் முடுக்கியபோது அந்துவான் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"ரேடியேட்டர் மூஞ்சிய முழுசா மறைக்குதே மேஸ்திரி."

"நீ வெல்டிங் அடிக்கிற வேலைய பாருடா."

அவன் "சே போன்" சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

சோதிக்க எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினை ஓடவிட்டு, நாலு முறை ரேஸ் கொடுத்து, இன்டர்கூலரில் இருந்து எஞ்சினுக்குப் போகும் பைப்பில் உள்ளங்கையை வைப்பேன். பத்து எண்ணும்வரை கையை எடுக்கவில்லை என்றால் வேலை தேறிவிட்டது. அன்றைக்கு இருபது எண்ணினேன். பைப் ஜில்லென்று இருந்தது. கஸ்தூரியும் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. "உனக்கு ஓட்டத் தெரியல"

வெள்ளிக்கிழமை மலைக்குப் போனவள் சனிக்கிழமை காலை வந்து நின்றாள்.

"பத்து இருபதுக்குத்தான் ண்ணா போனேன். இன்னும் ஒருவாட்டிதான்னு சொல்லிட்டாங்க. மொத மூணு வளைவு காத்தாட்டம் போச்சு. அப்புறம் இந்த சூடு காட்டற முள்ளு..."

நான் விடவில்லை. பானட்டைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, பைப்பில் கைவைத்தேன். "தொடு. தொட்டுப் பாருன்னு சொல்றேன்ல? ஜில்லுனு இருக்குதா இல்லையா? வண்டி நல்லாத்தான் இருக்குது. உனக்கு மலையில ஓட்டத் தெரியல. கியர எப்ப மாத்தற நீ?"

எஸ்டேட்டே திரும்பிப் பார்த்தது. கஸ்தூரியின் முகம் சுருங்கிப்போனது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"செவ்வாக்கெழமை நீயே வா ண்ணா. பக்கத்துல உக்காந்து பாரு. எனக்கு ஓட்டத் தெரியலன்னா அங்கயே எறக்கி வுட்டுடு, நான் பஸ்ல வர்றேன்."

வீம்புக்கு ஒத்துக்கொண்டேன்.

4. ஈரச் சாக்கு

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு ஆத்தூரைத் தாண்டியிருந்தோம். அவள் ஓட்டுவதில் குறை சொல்லத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பல மெக்கானிக்குகளைவிட நன்றாக ஓட்டினாள்.

மலை அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டி இறங்கினாள். பின்னால் போய், ஐஸ் பெட்டிமேல் போட்டிருந்த ஈரச் சாக்கு ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். முன்பக்கம் கிரில்மேல் அதை விரித்து, நாலு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டினாள். மேலே ஒரு குடம் ஐஸ் தண்ணீரையும் ஊற்றினாள்.

"என்னாம்மா பண்ற?"

"ஏறசொல்ல முள்ளு சிவப்புக்குப் போவுது ண்ணா. வெள்ளிக்கெழம பாதி மலையில கட்டினேன், இன்னிக்கு மொதல்லயே கட்டறேன். மீனுக்கு ஈரச் சாக்கு போட்டா ஆறுது. வண்டிக்கு ஆறாதா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மீன் அசையாமல் கிடக்கிற பொருள், அதற்கு ஈரம் போதும். வண்டியை ஆறவைப்பது அதன் ஊடே புகுந்து ஓடும் காற்று. சாக்கைக் கட்டினால் அந்தக் காற்றே நின்றுவிடும். கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

"இத ஏன் எங்கிட்ட அன்னிக்கே சொல்லல?"

"முள்ளு ஏறுதுன்னுதான் ண்ணா ஆரம்பிச்சேன். நீ எங்க பேச வுட்ட? ஓட்டத் தெரியலன்னு நாலு பேர் முன்னாடி சொன்ன. சாக்கு கதையும் சொல்லியிருந்தா என்னா சொல்லியிருப்ப?"

அவள் சொன்னது நியாயம். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே நன்றாகத் தெரியும். சாக்கை அவிழ்த்தேன். இன்டர்கூலரின் சன்னத் தகடுகளுக்கு இடையில் சாக்கு நாரும் மீன் செதிலும் அப்பிக்கிடந்தன. விரலால் வழித்துவிட்டு, "இப்ப ஓட்டு. சாக்கு வேணாம்" என்றேன். எல்லாம் சாக்கு செய்த வேலை என்றுதான் அப்போதும் நம்பினேன்.

முதல் மூன்று வளைவு உண்மையிலேயே நன்றாகப் போனது. புகை இல்லை. நான்காவதில் டெம்பரேச்சர் முள் நகர்ந்தது. ஐந்தாவதில் இன்னும் ஏறியது. ஆறாவதில் சிவப்பைத் தொட்டது. நிறுத்தச் சொல்லி, இறங்கி, முன்னால் குனிந்து பார்த்தேன். அந்துவான் சொன்னதுதான். என்னுடைய லாரி இன்டர்கூலர் ரேடியேட்டரின் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு நின்றது. அது உறிஞ்சிய சூடு நேராகப் பின்னால் ரேடியேட்டருக்குப் போனது. இழுவை சரியானது, எஞ்சின் வெந்தது. ஷெட்டில் நான் கைவைத்துப் பார்த்ததெல்லாம் வெறும் வேஷம். பாரம் இல்லாமல் நின்ற இடத்தில் ஓடும்போது டர்போ காற்றை அழுத்துவதே இல்லை. இன்டர்கூலர் இல்லாவிட்டாலும் அந்தப் பைப் ஜில்லென்றுதான் இருந்திருக்கும்.

"தப்பு என்னுதும்மா" என்றேன். இத்தனை வருடத்தில் ஒரு கஸ்டமரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கஸ்தூரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ மூக்க மூடின, நான் வாய மூடினேன். பாவம் வண்டி, அது என்னா பண்ணும்? இப்ப மணி ஒம்போதே கால் ண்ணா."

கிரில்லைக் கழற்றிப் பின்னால் போட்டேன். பிறகு டேஷ்போர்டில் அவள் ஒருநாளும் தொடாத ஒரு குமிழைத் திருகினேன். ஹீட்டர். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும். அது என்ன குமிழ் என்றே அவளுக்குத் தெரியாது. பாண்டிச்சேரியில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்! ஜன்னல் இரண்டையும் இறக்கிவிட்டு, மெல்ல மெல்ல ஏறினோம். காலில் அனல் அடித்தது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "மீன மேல கொண்டு போறதுக்குள்ள நம்ம ரெண்டு பேரும் வறுவல் ஆயிடுவோம் போல." முள் சிவப்பை ஒட்டியே நின்றது. ஆனால் தாண்டவில்லை. வண்டியும் நிற்கவில்லை.

ஹோட்டல் சமையல்கட்டு வாசலில் நின்றபோது மணி பத்து ஏழு.

"ஏம்மா, போன வாரமே சொன்னேனா இல்லையா?" என்று ஆரம்பித்தார் கிச்சன் மேனேஜர்.

கஸ்தூரி வாயைத் திறக்குமுன் நான் குறுக்கே போனேன். "சார், நான் இந்த வண்டி மெக்கானிக். என் வேலையிலதான் கோளாறு. இந்தம்மா சரியாத்தான் ஓட்டுனாங்க. வர்ற வெள்ளிக்கிழம ஒரே ஒருவாட்டி பாருங்க."

நனைந்த சட்டையோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐஸைத் தள்ளி ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "மீன்ல ஒரு குறையும் இல்லீங்க. வெள்ளிக்கிழமை, பத்து மணி. அவ்வளவுதான்."

5. பானட்டில் ஓட்டை

ஊருக்கு வந்ததும் அந்துவானிடம் போனேன். "நீ சொன்னது சரிடா. முன்னாடி வேணாம். வேற எங்க வெக்கலாம்னு நீயே சொல்லு." அவன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று நினைத்திருப்பான்.

காயலான் கடையில் விட்டுவந்த சின்ன இன்டர்கூலரையே வாங்கினோம். அதையும் கழுவி, எஞ்சின் தலைக்கு மேல் படுக்கவைத்தோம். அடியில் இருந்து சூடு ஏறாமல் இருக்க நடுவில் ஒரு தகடு கொடுத்தோம். வண்டி மெதுவாக ஏறும்போது காற்று போதாது என்பதால் ஒரு பழைய காரின் ஏசி ஃபேனைப் பொருத்தினோம். எதிர்க்காற்று நேராக உள்ளே இறங்க பானட்டை வெட்டி, மேலே மூக்கு மாதிரி ஒரு கூடு அடித்தான் அந்துவான். ரேடியேட்டரின் முகம் காலியாக விடப்பட்டது.

"மழத் தண்ணி உள்ள போவாதா ண்ணா?" என்று கேட்டாள் கஸ்தூரி. முன்பு என்றால் சீறியிருப்பேன். நல்ல கேள்வி அது. கூட்டுக்குள் ஒரு சின்ன வாய்க்கால் வளைத்து, தண்ணீர் ஓரமாக வடியும்படி செய்தோம். எல்லாம் முடிந்ததும் அவள் என் வழக்கப்படி பைப்பில் கைவைக்கப் போனாள்.

"இங்க தொடாத. இங்க தொட்டுப் பிரயோஜனம் இல்ல. மலை மேல போய்த் தொடு" என்றேன்.

அந்துவான் இந்த முறையும் "சே போன்" சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. லாஸ்பேட்டையில் இருந்து ஒருவர் காரைக் கொண்டுவந்து, "கிளட்ச் சரியில்ல மேஸ்திரி" என்றார். நான் பானட்டைத் திறக்கவில்லை. "எந்த எடத்துல சரியில்ல? மேடா, சிக்னலா? கூட எத்தன பேரு?" என்று கேட்டேன். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பாதிக் கோளாறு அவர் வாயாலேயே வெளியே வந்துவிட்டது. இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். வண்டி நம் ஷெட்டில் ஓடுவதில்லை, அவர்கள் ஓட்டும் ரோட்டில் ஓடுகிறது. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் ஓட்டுகிறவர்தான். அவர் பயமில்லாமல் பேசும்படி நாம் இருக்க வேண்டும்.

ஒன்பது நாற்பதுக்கு போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அந்துவான் ஓடிவந்து பக்கத்தில் நின்றான்.

"ண்ணா, மேல வந்துட்டேன். ஓட்டல் வாசல்ல நிக்கிறேன். எங்கயும் நிறுத்தல. முள்ளு பாதியத் தாண்டல. புகை இல்ல."

"மீன எறக்கிட்டியா?"

"அவுங்க ஆளுங்க எறக்கிட்டு இருக்காங்க. நான் பானட்ட தெறந்துட்டேன். இரு, பைப்புல கைய வெக்கிறேன்." கொஞ்சம் இடைவெளி. "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

அவள் எண்ணிக்கொண்டே போனாள். நானும் கூடவே எண்ணினேன். பத்துக்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று அவள் குரல் வந்துகொண்டே இருக்க, அந்துவான் என் தோளில் கைவைத்து "சே போன்" என்றான்.