ஒட்டுத் தெரியாத தாடை

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் மௌரீன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சொரூபத்தக்கா வீடு என்று கேட்க வேண்டும். மூக்குப் போன சூசையப்பர், விரல் உடைந்த அந்தோணியார், தேரிலிருந்து இறக்கும்போது கிரீடம் நொறுங்கிய மாதா என்று எல்லோரும் கடைசியில் வந்து சேர்வது ரயில் பாதையை ஒட்டிய அந்த ஓட்டு வீட்டுக்குத்தான். பின்னமான சொரூபத்தைப் பீடத்தில் வைப்பதில்லை என்பது வழக்கம். வைத்தால் சாமியார் பொறுத்துக்கொண்டாலும் சனங்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் மௌரீனின் வேலைக்கு ஒரே அளவுகோல்தான்: ஒட்டுப்போட்டது தெரியக் கூடாது. உடைந்த விளிம்பை அரத்தால் சீவி, வஜ்ஜிரப் பசை தடவி, பிளாஸ்டர் அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, வர்ணம் பூசி, மேலே அரக்கு வார்னிஷ் ஒரு கை ஓட்டிவிட்டால், உடைத்தவனே வந்து பார்த்தாலும் எங்கே உடைத்தோம் என்று சொல்ல முடியாது. இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். கர்வப்பட அவளுக்கு இதை விட்டால் இருந்தது தம்பி ஒருவன்தான்.

அப்பா ஆம்ப்ரோஸ் கண்ணை மூடியபோது தம்பி யூஜின் அரை டிரவுசரில் இருந்தான். அவனை வளர்த்ததும் படிக்கவைத்ததும் அவள்தான். பெண் கேட்டு வந்தவர்களிடம் "தம்பி படிப்பு முடியட்டும்" என்று சொல்லிச் சொல்லியே அனுப்பினாள். படிப்பு முடிவதற்குள் வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அவன் படித்ததோ கல்லையும் மண்ணையும் பற்றிய படிப்பு. டாக்டராவான் வக்கீலாவான் என்று நினைத்திருந்த தெருவுக்கு இது சப்பென்று போய்விட்டது. மௌரீனுக்கு அப்படியில்லை. கல்லூரியில் பையன்களுக்குக் கல் காட்டும் தற்காலிக வேலை அவனுக்குக் கிடைத்த அன்று தெரு முழுக்கக் கேக் கொடுத்தாள்.

1956-ஆம் ஆண்டு மழைக்காலத்துக்கு முன்பு, அரியலூர்ப் பக்கம் பையன்களை அழைத்துக்கொண்டு போன யூஜின், கோணிப்பையில் சுற்றி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். வைக்கோல் பரப்பிய டிரங்குப் பெட்டியில் குழந்தையைக் கிடத்துவதுபோல அதைக் கிடத்தினான். முழம் நீளத்துக்கு மூன்று துண்டாகக் கருத்த கல்.

"என்னடா இது, சுட்ட கட்ட மாதிரி?"

"தாடைக்கா. மீன்பல்லியோட தாடை. அந்த ஊரெல்லாம் ஒரு காலத்துல கடலு. கோடிக்கணக்கான வருஷம் முன்ன. இது அதுல நீந்தின பிராணி. பாக்க மீன் மாதிரி, ஆனா பல்லி ஜாதி. பாரு, அஞ்சு பல்லு இன்னும் நிக்குது."

அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஐந்து பற்களும் முனை மழுங்கிய ஆணிபோல நின்றன. மற்ற இடமெல்லாம் வெறும் பள்ளம்.

கல்லூரியில் கல் வைக்கும் அறை ஒழுகியதால் யூஜின் அதை வீட்டிலேயே வைத்து, சாயங்காலங்களில் ஊசியால் மண்ணை நெம்பிச் சுத்தம் செய்தான். பிறகு கல்கத்தாவிலிருந்து பெரிய ஆராய்ச்சிக்காரர் ஒருவர் பெங்களூர் வருகிறார் என்று தெரிந்தது. அவர் பார்த்து ஒப்புக்கொண்டால் தாடையைப் பற்றி எழுதுவார். யூஜினையும் கல்கத்தாவுக்கே வேலைக்கு அழைத்துக்கொள்வார். வீட்டில் வேறு பேச்சே இல்லை. மீதித் துண்டு ஏதாவது அகப்படுமா என்று பார்க்க யூஜின் மறுபடி அரியலூர் கிளம்பினான். கிளம்பும்போது பெட்டியைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"இது மட்டும் முழுசா இருந்திருந்தா எப்படி இருக்கும்க்கா."

அவன் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதைக் கேட்டவள் யார் என்று யோசிக்கவில்லை. உடைந்ததைக் கொண்டுவந்து வைத்து, முழுசா இருந்தா எப்படி இருக்கும் என்று பெருமூச்சு விடுகிறவர்களைத்தான் அவள் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறாள்.

மாதா திருவிழாவுக்கு வந்திருந்த சொரூபங்களை ஓரம் கட்டிவிட்டு மௌரீன் வேலையில் இறங்கினாள். ஒட்டியிருந்த களிமண்ணைப் பொடிச் சிப்பிகளோடு சுரண்டிக் கழுவி முருங்கை மரத்தடியில் கொட்டினாள். துண்டுகள் சரியாகப் பொருந்தவில்லை. விளிம்புகளை அரத்தால் சீவிப் பொருத்தினாள். பள்ளங்களில் பிளாஸ்டரில் பல் செய்து நட்டாள். புதுப் பல் பழைய பல்லோடு சேர்ந்து நிற்க வேண்டுமே என்று பழைய பல்லையும் லேசாகத் தேய்த்துவிட்டாள். கரியும் காவியும் கலந்து பூசி, மேலே வார்னிஷ் ஓட்டினாள். காய்ந்த பிறகு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். மூக்கும் முழியுமாக ஒரு பிராணி சிரிப்பதுபோல இருந்தது. இத்தனை சந்தோஷமாக அவள் எந்தப் புனிதருக்கும் வேலை செய்ததில்லை.

கல்கத்தாக்காரர் வருகிற அன்று காலையில்தான் யூஜின் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தான். அவள் பெட்டியைத் திறந்து காட்டினாள். அவன் மண்டியிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா, இதுல எது பழசு, எது நீ செஞ்சது?"

"நீயே கண்டுபிடி பாக்கலாம்" என்று அவள் சிரித்தாள்.

அவன் ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டே போனான். கடைசிக்குப் போய்விட்டு மறுபடி முதல் பல்லுக்கு வந்தான். களைப்பு என்று நினைத்தாள்.

"உனக்காவது தெரியுமாக்கா?"

அவள் குனிந்து பார்த்தாள். இது என்று விரல் வைத்தாள். அதற்குள் சந்தேகம் வந்து அடுத்ததற்கு விரலை நகர்த்தினாள். அவளுக்கும் தெரியவில்லை. அதையும் பெருமையாகத்தான் சொன்னாள், பாவி. யூஜின் பெட்டியிலிருந்து தாடையைத் தூக்கினான். கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் போனான்.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டான். "அவருக்கு நேரமில்லக்கா. சரியா பாக்கல" என்றான். தாடையைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

நடந்தது என்ன என்பதைச் சில வாரம் கழித்துக் கல்லூரி அட்டெண்டர் முனிகிருஷ்ணன் வந்து சொன்னான். யூஜினுக்கு அந்த வேலை இனிமேல் இல்லை என்று ஆனபிறகு, அவனுடைய சாமான்களைக் கொடுக்க வந்திருந்தான்.

"அந்தப் பெரியவர் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாரு. கத்தியால லேசா கீறினாரு. வெள்ளையாப் பொடி உதிந்துச்சு. யாரு செஞ்சது இதுன்னு கேட்டாரு. இங்கிலீஷ் அத்தனையும் எனக்குப் புரியாதுக்கா. ஆனா நம்ம சார் 'நான்தான்'னு சொன்னது புரிஞ்சுது."

மௌரீன் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள்.

"அவனா செஞ்சான்? நான் செஞ்சேன்."

"தெரியும்க்கா. எங்களுக்கெல்லாம் தெரியும். சார் ஒரே பிடிவாதமா நான்தான்னு நின்னுட்டாரு. அப்புறம் யாரு என்ன பண்ண முடியும்? பல்லு கட்டி ஏமாத்த வந்தவன்னு பேராயிடுச்சு."

அன்று சாயங்காலம் அவள் அவனுக்கு எதிரில் போய் நின்றாள். "ஏன்டா என் பேர சொல்லல?" என்றாள். "சொன்னா மட்டும் பல்லு வந்துடுமாக்கா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டான். அவன் தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் அவளுக்கு நெஞ்சு ஆறியிருக்கும்.

குல்பர்கா பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் ஆள்களை மேய்க்கிற வேலை கிடைத்து யூஜின் போனான். பண்டிகைக்கு வருவதும் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. அந்தப் பக்கமே கல்யாணமும் செய்துகொண்டான். வீட்டுக்கு வரும்போது ஒரு கூழாங்கல்லைக்கூடக் கொண்டுவந்ததில்லை.

பெட்டி மட்டும் கட்டிலுக்கடியில் இருந்தது. ஒரு தவக்காலத்தில் மௌரீன் அதை இழுத்துத் திறந்தாள். செய்தது நான், எடுப்பதும் நானே எடுத்துவிடுகிறேன் என்று முடிவு செய்தாள். தம்பி விட்டுப்போன ஊசியையே எடுத்துக்கொண்டாள். வார்னிஷைத் துடைத்தெடுக்கவே மாசக்கணக்காயிற்று. அப்புறம் பிளாஸ்டர். சொரூப வேலை இல்லாத நாளெல்லாம் இதே வேலை. ஒரு பல்லில் ஊசி வைத்தால் உள்ளே வெள்ளையாக வரும். அது என்னுது என்று நிம்மதியாகச் சுரண்டிப்போடுவாள். ஒரு நாள் அப்படிச் சுரண்டிக்கொண்டே இருந்தவளுக்கு, வந்த தூள் வெள்ளை இல்லை, கறுப்பு என்று தெரிந்தபோது பல் பாதி போயிருந்தது. நிறுத்தினாள். மீதியும் தானாக உதிர்ந்து மடியில் விழுந்தது. வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக் கோமளம் ஓடிவந்து யாருக்கு என்னாச்சு என்று கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அப்படியே இன்னும் இரண்டு போயின. கவனமாகத்தான் இருந்தாள். அவள் முன்பு அத்தனை நன்றாகச் செய்து வைத்திருந்தாள்.

1963 கிறிஸ்துமஸுக்கு யூஜின் தனியாக வந்தான். தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மௌரீன் டிரங்குப் பெட்டியை நடுவீட்டுக்கு இழுத்து வந்து திறந்தாள். வைக்கோலில் மூன்று துண்டுகள். ஓரமெல்லாம் சீவப்பட்டு மொழுக்கையாக இருந்தன. இரண்டே பல்.

"நான் பூசினது எல்லாத்தையும் எடுத்துட்டேன்டா. இப்ப இருக்கறது பூரா அதோடதுதான்."

அவன் குனிந்தான். பழையபடி ஒவ்வொரு பள்ளமாக விரலால் தடவிக்கொண்டு போனான். இரண்டு பல்லைத் தாண்டியதும் விரல் நின்றது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கேட்கட்டும், மீதி மூணு எங்கே என்று கேட்கட்டும், கத்தட்டும். ஏழு வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தாள்.

"நல்லாத்தான்க்கா எடுத்திருக்க" என்றான் யூஜின். "எல்லாம் சரியா இருக்கு."

"டேய், அஞ்சு பல்லு இருந்துச்சு."

"ரெண்டுதான்க்கா இருந்துச்சு. நீ மறந்துட்ட."

உடைந்த இடத்தை மூடி மறைப்பதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை என்பார்கள். இவன் அவளிடமே மறைத்துக் காட்டினான். ஆனால் எங்கே உடைந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஒரு வார்த்த திட்டிட்டாவது போடா" என்றாள்.

"ரயிலுக்கு நேரமாச்சுக்கா" என்று அவன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டான்.

அவள் கேட் வரைக்கும் போனாள். அவன் திரும்பிக் கையசைத்துவிட்டு நடந்தான். உள்ளே வந்து பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மேசையில் கை உடைந்த குழந்தை ஏசு காத்திருந்தார். ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாளுக்குள் கொடுக்க வேண்டும். மௌரீன் அரத்தை எடுத்தாள், விளிம்பில் வைத்தாள், சீவ முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.