லைசென்ஸ் தேவையில்லை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்த்தளத்தில், சலவைக் கூடத்தை ஒட்டிய துணி அறையில் இருபத்தாறு வருஷ வேலை. கிழிந்த விரிப்பைத் தைப்பாள். தைக்க முடியாததை வெட்டித் தலையணை உறையாக்குவாள். அதற்கும் ஆகாததைத் துடைக்க அனுப்புவாள். வார்டுக்குப் போன விரிப்பில் ஒன்று குறைந்தாலும் நர்ஸுகளை ஒரு பிடி பிடித்துவிடுவாள். கணவர் அதே கட்டடத்தில் லிஃப்ட் இயக்குபவர். "நாள் முழுக்க மேலதான் போறேன், ஆனா முன்னேறின பாட்டைக் காணோம்" என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பார்.

பிள்ளை இல்லை. பெற்றவர்கள் போனபின் பதினொரு வயதில் வந்து சேர்ந்த அவள் தம்பியைத்தான் இருவரும் பிள்ளையாக வளர்த்தார்கள். வளர்ந்ததும் அவன் பஸ் டிப்போவில் கேஸ் கட்டரால் இரும்பு அறுக்கும் வேலைக்குப் போனான். மாடி அறையில் தங்கினான். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அவனுக்குக் காது கேட்காது.

ஒருநாள் அவன் பேருக்குத் தபாலில் ஒரு ரிவால்வர் வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தவள் மூடியைப் படக்கென்று சாத்தினாள்.

"என்னடா இது, வீட்டுக்குள்ள துப்பாக்கி?"

"சட்டப்படி இது துப்பாக்கியே இல்லக்கா. தோட்டா போட்டுச் சுடறதுக்குத்தான் லைசென்ஸ் வேணும். இதுல ஒவ்வொரு குழியிலயும் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வெச்சு அழுத்தணும். பழம்பொருள் கணக்குல சேர்த்துட்டாங்க."

"பழம்பொருளா? பளபளன்னு இருக்கு."

"போன வருஷம் செஞ்சதுதான். மாதிரிதான் பழசு."

"சுட்டா ஆள் சாவாங்களா, மாட்டாங்களா? அதைச் சொல்லு."

அவன் சிரித்து மழுப்பினான். கணவர்தான் பரிந்து பேசினார்: "விடு, குடி கூத்துன்னு போகாம இதோட போகுதே." அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனும் மச்சானும் ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன கல்குவாரிக்குப் போய்த் தகர டப்பாக்களைச் சுட்டுவிட்டு, முகமெல்லாம் கரியும் சிரிப்புமாகத் திரும்பி வருவார்கள். அவள் முணுமுணுத்துக்கொண்டே சட்டைகளை ஊறவைப்பாள்.

ஏழெட்டு வாரம் அப்படிப் போனது. ஒரு ஞாயிறு அவளுக்கு வேலை இருந்தது. மத்தியானம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அவசரப் பிரிவு ஆயா ஓடி வந்து நாலு விரிப்பு கேட்டாள்.

"நாலு குடுத்திருக்கேன், நாலும் திரும்பி வரணும். ரத்தம் பட்டா உடனே பச்சைத் தண்ணியில போடச் சொல்லு."

வாய் ஓயாத ஆயா அன்றைக்குக் குனிந்த தலை நிமிராமல் விரிப்புகளை வாங்கிக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் தலைமை நர்ஸே படியிறங்கி வந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. ஊசியை மேஜைமேல் வைக்கும்போதே, தன் வீட்டில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று தையலக்காவுக்குத் தெரிந்துவிட்டது. யார் என்பதுதான் தெரியவில்லை.

அந்த ரிவால்வரின் உருளையில் ஆறு குழிகள். குண்டை அழுத்திய பிறகு ஒவ்வொரு குழியின் வாயையும் கிரீஸ் பூசி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் நெருப்பு பக்கத்துக் குழிக்குத் தாவலாம். அன்றைக்குத் தாவியது. தம்பியின் ஒரே அழுத்தில் மூன்று வெடித்தன. ஒரு குண்டு டப்பாவை நோக்கிப் போனது. ஒன்று பாறையில் பட்டது. மற்றொன்று, இடப்பக்கம் இரண்டடி முன்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்ற அவள் கணவரின் விலாவுக்குள் போனது. அவள் எண்ணிக் கொடுத்த விரிப்பின் மேல்தான் அவர் உயிர் பிரிந்தது.

வழக்கு எட்டு மாதம் நடந்தது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்த குற்றச்சாட்டு முதல் நாளே தள்ளுபடியாகிவிட்டது. இந்த வகைக்கு லைசென்ஸே தேவையில்லை என்று நீதிபதி பிரிவைப் படித்துக் காட்டினார். மிஞ்சியது கவனக்குறைவு. "முறைப்படி கிரீஸ் பூசினேன்" என்று தம்பி சொன்னான். மறுத்துச் சொல்ல வேண்டியவர் உயிரோடு இல்லை. ஆறு மாதத் தண்டனை, அதையும் நிறுத்திவைத்தார்கள். வீட்டுக்கு வந்தவன் மாடி ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். வேலைக்கும் போகவில்லை. அவள் சோற்றுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வருவாள். ஒருநாள் காலியாக இருக்கும், ஒருநாள் எறும்பு மொய்த்திருக்கும்.

அப்புறம் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. வழக்கு முடிந்ததால் பொருளை உரியவர் முப்பது நாளுக்குள் வாங்கிப் போக வேண்டுமாம். தம்பியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளே போனாள். பொருளறைக் காவலர் மெலிந்த மனிதர். துணிப்பையைப் பிரித்து, சரிபார்த்து, மறுபடி முடிந்து நீட்டினார்.

"இது எனக்கு வேணாங்க. நீங்களே உடைச்சுப் போட்டுடுங்க."

"முடியாதும்மா. ஆயுதம்னா அழிக்க உத்தரவு வாங்கலாம். இது ஆயுதக் கணக்குல வராது. உங்க தம்பியோட சாமான். ஒரு சைக்கிளைத் திருப்பிக் குடுக்கற மாதிரிதான்."

"என் புருஷன் சைக்கிள் மோதியா செத்தாரு?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா பேப்பர்ல இடமில்ல."

துப்பாக்கிகளை ஒப்படைக்கும் அலுவலகத்தின் முகவரியை அவர்தான் எழுதிக் கொடுத்தார். அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார்: "லைசென்ஸ் வேண்டிய துப்பாக்கிதான் இங்க எடுப்போம். இது எங்க பட்டியல்லயே இல்லம்மா." அவரே இரண்டு தெரு தள்ளி ஒரு பழம்பொருள் கடையைக் காட்டினார். கடைக்காரர் அதைக் கையில் வாங்கி, உருளையைச் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்லா வெச்சிருக்கீங்க. இதுக்கு ஏதாவது கதை இருக்கா? யாராவது இதால... கதை இருந்தா விலை கூடப் போகும்."

அவள் அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியேறினாள். வழியில் பழைய இரும்புக்காரன் ஒருவன் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ துப்பாக்கி, போலீஸ் கேஸாயிடும், எடுத்துட்டுப் போங்கம்மா" என்று இரு கையாலும் விரட்டினான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் தன் குழந்தையை இறக்கி விட, அது அந்தப் பையின்மேல் கையை ஊன்றி ஜன்னலை எட்டிப் பார்த்தது. அவள் பையை மெல்ல உருவித் தன் காலடிக்கு நகர்த்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக் கதவைத் தட்டினாள். "எழுந்து வாடா. வேலை இருக்கு."

டிப்போ மேற்பார்வையாளர் அக்காவையும் தம்பியையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பின்கொட்டகையைத் திறந்துவிட்டார். அவள் நீளக் குறடால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டாள். தம்பி கண்ணாடி மாட்டிக் கட்டரைப் பற்றவைத்தான். நெருப்பு ஆடியது. முதலில் குழலை அறுத்தான், பிறகு உருளையை. இரும்பு சிவந்து துண்டு துண்டாக மண்ணில் விழுந்தது. கட்டரை அணைத்தவன் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"அக்கா, அன்னிக்கு கிரீஸ் தீர்ந்து போச்சு. டப்பாவை வழிச்சு ரெண்டு குழிக்குத்தான் வந்துச்சு. மாமா சொன்னாரு, 'போதும் வாடா, அக்கா வந்துடுவா'ன்னு. நான்தான் கடைசியா ஒரு தடவைன்னு..."

"கோர்ட்டுல பூசினேன்னு சொன்னியே."

அவன் கட்டரின் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"இதை ஏன்டா எங்கிட்ட சொல்ற? நான் எங்க கொண்டுபோய் வெப்பேன்?"

அன்று அவள் சமைக்கவில்லை. மறுநாள் காலை படியடியில் நின்று, மேலே பார்க்காமலே சொன்னாள்: "நீ வேற எங்கயாவது போயிடு. உன்னை அடிச்சுடுவேனோன்னு பயமா இருக்கு." அந்த வாரமே போனான். தூரத்து ஊரில் ஒரு டிப்போவில் வேலை கிடைத்ததாகக் கேள்வி.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தாலி போன வீட்டில் தம்பியும் இருக்கக் கூடாதா, கூடப் பிறந்தவனையே துரத்திவிட்டாளே, கல்நெஞ்சுக்காரி என்று வீட்டுக்கு வீடு பேசினார்கள். ஒரு சித்தி நேரிலேயே வந்து கேட்டாள்: "சட்டமே அவனை மன்னிச்சு விட்டுடுச்சு. உனக்கு மட்டும் என்னடி?"

உண்மையைச் சொன்னால் அவன் பொய்ச் சாட்சிக்கு உள்ளே போவான். தையலக்கா சித்திக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு மனசு வரல, சித்தி. அவ்வளவுதான்" என்றாள்.