உடம்புக்குப் பெரட்டு

அறுபத்தெட்டு வயதில் என்னைப் பெரிய அறிவாளி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு வலது கால் போனது அந்த அறிவால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அடிக்கும் கிண்டலைக் கேட்டு, ஆள் தேவலையே என்று நீங்கள் ஏமாறக் கூடாது.

மெர்லிமாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அங்கே விடிவதற்கு முன்னால் பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவனுக்குக் கணக்கெழுதும் கிராணி புத்தகத்தில் பேர் போடுவார். ஐம்பத்தைந்து வயதில் பேரை வெட்டிவிடுவார்கள். அதோடு ஆள் முடிந்தான். அப்புறம் உடம்பில் எது வந்தாலும் அதற்கு வயசு என்று பெயர். மூச்சு வாங்கினால் வயசு, கண் மங்கினால் வயசு. மருந்து கேட்கிறவனைப் பார்த்துச் சிரிப்போம்.

ஜாசினில் வீடு வாங்கி, லாரி ஓட்டி ஓய்ந்த பிறகும் அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. காலையில் காப்பிக்கடையில் நாலு கிழவர்களை உட்காரவைத்து உடம்புக்குப் பெரட்டு எடுப்பேன்.

"முட்டி?"

"ரெண்டும் வந்திருக்குய்யா."

"கண்ணு?"

"ஒன்னு வந்திருக்கு. இன்னொன்னு மட்டம் போட்டுடுச்சுலா."

வீட்டிலும் இதே விளையாட்டுதான். ஒருநாள் என் மனைவி, "பாதம் மரத்துப்போன மாதிரி இருக்குங்க. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள்.

"அறுபது தாண்டினா மரத்துப்போகாம பின்ன பூவா பூக்கும்? பேர் போட்டாச்சு, போ."

அவளும் சிரித்தாள். சில மாதம் கழித்து இன்னொரு தரம் கேட்டாள். அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தேன். மூன்றாம் தரம் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பியின் காட்டுக்கு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு, இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் போய் வந்தோம். வந்ததும் அவள் சிலிப்பரோடே பின்கட்டில் துணி துவைத்தாள், மீன் கழுவினாள், குழம்பு வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் காலிலிருந்து சிலிப்பர் கழலவில்லை. செம்பனை முள் ஒன்று அடியில் ஏறி, சிலிப்பரையும் பாதத்தையும் சேர்த்துத் தைத்திருந்தது. குறடு கொண்டு இழுத்தேன்.

"எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் காப்பிக்கடையில் அதுதான் கதை. "என் சம்சாரம் முள்ளு மேல நின்னு மீன் குழம்பு வெச்சிருக்கா லா. துளி வலி இல்ல. வயசு குடுத்த வரம்யா." ஒருவர் சிரித்துச் சிரித்துக் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அந்தக் கதையை அந்த வாரம் முழுக்கச் சொன்னேன். அவள் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் அறையில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று அலமாரியை நகர்த்தி அரைமணி நேரம் தேடினேன். அவள் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, நான் தேடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நம் தமிழ்ப்பெண் ஒருத்திதான் டாக்டர். "எத்தன நாளா மரத்துப்போயிருக்கும்மா?"

"ரெண்டு வருஷமா."

"ஏன் வரல?"

"வயசுன்னு சொன்னாங்க."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

நான் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது வயசு இல்லம்மா, இனிப்பு நீர், சக்கர வியாதி. அப்பவே வந்திருந்தா கால காப்பாத்தியிருக்கலாம்."

முட்டிக்குக் கீழே எடுத்தார்கள்.

புண் ஆறிச் சில மாதம் கழித்துப் பொய்க்கால் மாட்டிப் பழக்கக் கூப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் அவள். நின்றதற்கே வேர்த்துக் கொட்டியது. பழக்குகிற பையனிடம், "தீபாவளிக்குள்ள கோயில சுத்தி வந்துருவேனா?" என்று கேட்டாள். பழகுங்க ஆன்ட்டி, வரலாம் என்றான் அவன்.

எனக்கு அவள்மேல் பாசம் பொங்கிவிட்டது. பாசம் வந்தால் நான் இன்னும் மோசம். பக்கத்தில் போய்க் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு? சக்கர நாற்காலி ஒன்னு வாங்கிடுறேன், நானே தள்ளுறேன். பேசாம உக்காந்துக்க."

அவள் கம்பியை விடவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"நீங்க உக்காந்துக்குங்க."