பத்து நிமிடச் செய்மதியும் என் மச்சானும்

போன ஞாயிற்றுக்கிழமை தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். காரணம் பொறாமை. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இயற்கையை ரசிக்கப் போனேன் என்று எழுதினால் என் மனைவியே கீழே வந்து கருத்துப் போடுவாள்.

மகள் ஜெனிட்டா பதுளையில் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டிருந்தாள். மலை உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் மீன் முள் போல ஓர் அன்டெனா, அதைப் பிடித்தபடி என் மச்சான் செபஸ்தியான். மச்சான் என் மனைவியின் அண்ணன், அந்தத் தோட்டத்து எலக்ட்ரீஷியன். படத்துக்குக் கீழே ‘மாமா இல்லாட்டி ஒண்ணும் நடக்காது’ என்று எழுதியிருந்தாள். பண்டாரவளை மரக்கறிக் கடையில் நிற்கும் அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு எனக்கு எஸ், அதாவது மயிரிழையில் பாஸ், என்பது அவளுக்குத் தெரியும்.

காலை 7.10க்குப் பதுளை பஸ். தெமோதரை பதினேழு கிலோமீட்டர் அளவில் வரும். டிக்கெட் நூறு ரூபாய், 8.05க்கு இறங்கினேன். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் ஏற்றம், ஆட்டோவுக்கு ஐந்நூறு.

“எலக்ட்ரீசியன் அண்ணனோட சாட்டிலைட்டப் பாக்கவா போறீங்க?” என்றார் ஆட்டோக்காரர்.

“அது என் மகளோடதுங்க.”

“அப்படீங்களா? அண்ணன்தான் எல்லாஞ் செய்றாருன்னு லயத்துல பேசிக்கிறாங்க.”

லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அங்கே வரைக்கும் மச்சான் பேச்சுதான். நாலு கிலோமீட்டர் எனக்கு நாற்பது ஆகிவிட்டது.

மேலே போனதும் ஜெனிட்டா விளக்கினாள். எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் சாகும்போது சில வினாடிகள் காமாக் கதிர் வெடித்துப் பாயுமாம். கண்ணுக்குத் தெரியாது. காற்று மண்டலம் தடுத்துவிடுவதால் தரைக்கும் வராது. அதனால் சப்பாத்துப் பெட்டி அளவுச் செய்மதிக்குள் ஒரு பளிங்கை வைத்து வானத்துக்கு அனுப்புகிறார்கள். கதிர் பட்டால் பளிங்கு மினுங்கும், அந்த நேரத்தைப் பெட்டி குறித்து வைக்கும். தனிப் பெட்டிக்குத் திசை சரியாகத் தெரியாது. பல பெட்டிகள் இருந்தால், எதற்கு முதலில் பட்டது என்று பார்த்துத் திசையைப் பிடிப்பார்களாம்.

“பெக்டரி சங்கு கீழ் லயத்துக்கு முந்திக் கேக்கும், மேல் லயத்துக்குப் பிந்திக் கேக்கும். அது மாதிரியாம்மா?” என்றேன். எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

“அதேதான்ப்பா! மாமாவும் இதையேதான் சொன்னாரு.”

வெளிநாட்டு மாணவர்கள் அனுப்பிய அந்தச் செய்மதி சில நாட்களுக்கு முன் ஒரு வெடிப்பைப் பதிந்திருந்தது. ஜெனிட்டாவின் கடைசி வருட ஆய்வுக்கு அந்தப் பதிவு வேண்டும். பெட்டியின் நினைவகம் சிறியது. வியாழக்கிழமை பழையதை அழித்துவிடும். பதுளை நகரத்தைச் சுற்றி மலை மறைப்பதால்தான் இந்த உச்சி. காலை 10.42க்குச் செய்மதி எங்கள் தலைக்கு மேல் வரும், பத்து நிமிடத்தில் போய்விடும்.

தூறல் தொடங்கியது. மடிக்கணினியோடு ஜெனிட்டா பழைய பிள்ளைக் காம்பராவுக்குள் போய்விட்டாள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை முன்பு பார்த்துக்கொண்ட கட்டடம் அது. தொட்டி மேல் மச்சான். போனுக்கு அங்கே சிக்னல் இல்லை. உள்ளே அவள் சொல்வதை மேலே கத்த நடுவில் ஓர் ஆள் வேண்டும். மரக்கறி லொறிகளுக்குக் கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. எனக்கும் ஒரு வேலை!

“வலது பக்கம்ப்பா!” என்றாள்.

“வலது!” என்று கத்தி, சும்மா இருக்காமல் வலது கையையும் நீட்டினேன். நான் மச்சானைப் பார்த்து நிற்கிறேன், அவர் என்னைப் பார்த்து நிற்கிறார். சொல்லை விட்டுவிட்டுக் கையைப் பார்த்த மச்சான் தன் இடப்பக்கம் திருப்பினார்.

“அப்பா, சிக்னல் போகுது! வலது!”

நான் கையை இன்னும் நன்றாக நீட்டினேன். இப்படியே மூன்று நிமிடம் போனது.

மச்சான்தான் கண்டுபிடித்தார். “மாப்ள, கைய மடக்குய்யா! கோயில் பக்கமா, பெக்டரி பக்கமா, அதச் சொல்லு!”

தோட்டத்தில் வழி சொல்லும் முறையே அதுதான். உள்ளே அவளுக்கும் கேட்டுவிட்டது. “பெக்டரி பக்கம்!” நானும் கத்தினேன். சிக்னல் திரும்பி வந்தது. அந்த மூளையும் அவருக்கே இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதிவின் முன்பாதி கிடைத்தது. ஜெனிட்டா என்னைத் திட்டவில்லை. அழுதுவிடுவாள் போல உட்கார்ந்திருந்தாள். “இனி புதன்கிழமை காலைல 9.20க்குத்தான் தலைக்கு மேல வரும்ப்பா. அதுதான் கடைசி. மாமாவுக்கு அன்னிக்கு டியூட்டி. நீங்க அன்டெனாவப் பிடிப்பீங்களா?”

கேட்ட வரம். வீட்டு முற்றத்தில், கூட்டுகிற தும்புத்தடியில் செங்கல் கட்டி, அதை அன்டெனா போலப் பிடித்து ஒத்திகை பார்த்தேன். நாலாவது நிமிடம் தடி குரோட்டன் செடி மேல் விழுந்தது. மச்சான் பத்து நிமிடம் அசையாமல் நின்றவர். திங்கள் முழுக்க யோசித்து, செவ்வாய்க்கிழமை அவருக்குப் போன் எடுத்தேன்.

“மச்சான், நாளைக்கு டியூட்டிய மாத்த ஏலுமா?”

“ஏன் மாப்ள, நீதான பிடிக்கப் போறன்னு குதிச்சிக்கிட்டு இருந்த?”

“எனக்குக் கத்த மட்டுந்தான் வரும். பிள்ளையோட படிப்பு மச்சான்.”

“சரி, மாத்திக்கிறேன். கைய மட்டும் பொக்கட்டுல போட்டுக்க” என்றார்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: 7.10 பஸ்ஸை விட்டால் ஏற்றத்துக்கு நேரம் போதாது. தோட்ட ஆபீஸில் முதலே அனுமதி கேளுங்கள். தூறலுக்குக் குடை, பேச்சுக்கு நல்ல தொண்டை, இரண்டும் வேண்டும். ஆட்டோக்காரரிடம் மகள் பெயரைச் சொல்லாதீர்கள், மச்சான் பெயரைச் சொன்னால்தான் இடம் தெரியும்.

புதன்கிழமையும் தூறல். என் கைகள் பொக்கட்டில் இருந்தன. கோயில் பக்கம், பெக்டரி பக்கம் என்று பத்து நிமிடமும் கத்தினேன். பின்பாதியும் வந்தது. திரையில் தட்டையாகப் போன கோடு ஒன்று திடீரென்று செங்குத்தாக ஏறி இறங்கியது, அவ்வளவுதான். ஜெனிட்டா மாமாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். மச்சானும் நானும் கதவோரம் நனைந்துபோய் நின்றோம். எப்போதோ செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் மீது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு பொறாமை.